நல்லா இருக்கிறவரை எதுக்குக் கூப்பிடுகிறார்கள்?

ராமு: எல்லோருக்கும் ஒரு கேள்வி. பல வருடம் முன்பு ஒரு மருத்துவ ஆராய்ச்சிக்குப் பெயர் கொடுத்தேனே, அங்கிருந்து மறுபடியும் ஃபோன். ரத்தம், இசிஜி, நடை வேகம், கைப்பிடி பலம் எல்லாம் பார்க்க வேண்டுமாம். ஒரு காலை முழுக்கப் போய்விடும். எனக்குத்தான் ஒரு குறையும் இல்லையே, நோயாளியைக் கூப்பிட்டால் நியாயம்.

கமலா: போகாதே தம்பி. ஒன்றும் இல்லாதவனைக் கூப்பிட்டு எதையாவது கண்டுபிடித்து அனுப்புவார்கள்.

கார்த்திக்: அத்தை 😂

நிலா: சித்தப்பா, ஒன்றும் இல்லாததால்தான் கூப்பிடுகிறார்கள். நான் தினமும் பார்ப்பதே இந்த மாதிரி தரவுதான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிலா: அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சில் ரத்த அழுத்தம் 186/108. இன்றைக்கு யாராவது அப்படியே விடுவார்களா? அன்று அதை இறக்க நல்ல மருந்தும் இல்லை, வயதானால் அழுத்தம் ஏறுவது இயல்புதான் என்று பல டாக்டர்களே நம்பினார்கள். 1945 ஏப்ரல் 12, இறந்த அன்று 300/190. மூளையில் ரத்தக்கசிவு. எதிர்பாராமல் வந்தது என்றுதான் வெளியே சொன்னார்கள். இதய நோய் ஏன் வருகிறது என்று கண்டுபிடிக்க 1948-இலிருந்து அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஃப்ராமிங்ஹாம் என்ற ஊரில் 5,209 பேரைச் சேர்த்தார்கள், பெரும்பாலும் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர்கள், உங்களைப் போல. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். யாருக்கு மாரடைப்பு வந்தது, அதற்குப் பத்து வருடம் முன்பு அவருடைய அழுத்தம் என்ன, கொழுப்பு என்ன, சிகரெட் பிடித்தாரா என்று பின்னோக்கிப் பார்க்க முடிந்தது அதனால்தான். நோய் வந்தபின் ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டால் இது கிடைக்காது.

கார்த்திக்: அந்த ஆட்கள் எல்லாம் இப்போது இருக்கவே மாட்டார்களே அக்கா

நிலா: 1971-இல் அவர்களுடைய பிள்ளைகளைச் சேர்த்தார்கள், 2002-இல் பேரப்பிள்ளைகளை. இன்னும் ஓடுகிறது. பிரிட்டனில் 1946 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிறந்த 5,362 குழந்தைகளைத் தொடர ஆரம்பித்து, அவர்களுக்கு எழுபது வயது தாண்டியும் விடவில்லை.

ராமு: சரி சரி. கைப்பிடி பலம் எதற்கு? நான் என்ன மல்யுத்தமா செய்யப்போகிறேன்?

நிலா: அதுதான் எனக்குப் பிடித்த அளவீடே. ஒரு பிடியைக் கையில் கொடுத்து முடிந்த மட்டும் அழுத்தச் சொல்வார்கள், எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு முகம் சிவக்க அழுத்துவார்கள், பக்கத்து ஆளின் எண்ணை எட்டிப் பார்ப்பார்கள் வேறு. 17 நாடுகளில் சுமார் 1.4 லட்சம் பேரிடம் எடுத்துப் பார்த்து 2015-இல் ஒரு கட்டுரை வந்தது. பிடி தளர்ந்தவர்கள் அடுத்த சில வருடங்களில் இறக்கும் வாய்ப்பு அதிகம். ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணைவிட இது நன்றாகக் காட்டிக்கொடுத்தது. உடனே பிடிப்பயிற்சிக் கருவி வாங்கப் போய்விடாதீர்கள், பிடி என்பது உடம்பு மொத்தமும் எப்படி இருக்கிறது என்பதற்கு ஒரு அடையாளம், அவ்வளவுதான்.

கார்த்திக்: அப்பா ஏற்கனவே கதவுக் கைப்பிடியை அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறார்

கமலா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பவித்ரா: அம்மா, நீக்குவதற்கு முன்பே படித்துவிட்டேன். "எடை குறைவாகப் பிறந்த குழந்தைக்குப் பின்னால் மாரடைப்பு நிச்சயம்." என் குட்டி பிறந்தபோது 2.3 கிலோதான் என்று தெரிந்தே இதை யார் அனுப்பினார்கள் உனக்கு?

கமலா: யாரோ அனுப்பினார்கள், எச்சரிக்கைக்காகப் போட்டேன். அதனால்தானே தினமும் சொல்கிறேன், இன்னும் இரண்டு வாய் ஊட்டு என்று.

பவித்ரா: நிலா, இதில் உண்மை ஏதாவது இருக்கிறதா? நேராகச் சொல்.

நிலா: இருக்கிறது, ஆனால் "நிச்சயம்" என்ற சொல் சுத்தப் பொய். விஷயம் இதுதான். இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷையர் என்ற மாவட்டத்தில் 1911-இலிருந்து நர்ஸ்கள் வீடு வீடாகப் போய்க் குழந்தையின் பிறப்பு எடை, ஒரு வயது எடை, தாய்ப்பாலா புட்டிப்பாலா என்று பெரிய பேரேடுகளில் எழுதி வைத்தார்கள். எழுதியவர்களுக்கு இது எதற்குப் பயன்படும் என்று தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. அந்தப் பேரேடுகளைத் தேடி எடுத்து, அந்தக் குழந்தைகள் வளர்ந்து எதனால் இறந்தார்கள் என்று டேவிட் பார்க்கர் என்ற ஆராய்ச்சியாளரின் குழு ஒப்பிட்டது. 1989-இல் வெளியிட்டார்கள். பிறந்தபோதும் ஒரு வயதிலும் எடை குறைவாக இருந்த ஆண்களில் இதய நோயால் இறந்தவர்கள் அதிகம். அது ஆயிரக்கணக்கானவர்களின் சராசரி. எடை குறைவாகப் பிறந்து தொண்ணூறு வயது வரை திடமாக இருந்தவர்களும் அதே பேரேட்டில்தான் இருந்திருப்பார்கள். ஒரு குழந்தையைக் காட்டி இதற்கு வரும், இதற்கு வராது என்று சொல்லும் வேலையை அந்தக் கணக்கு செய்யாது. பெரியவனான பின் சிகரெட், அழுத்தம், சர்க்கரை எல்லாம் எப்படி இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் முடிவாகும்.

பவித்ரா: அப்பாடா. இரவு முழுக்க ஓடியிருக்கும் மண்டைக்குள்.

நிலா: அத்தை கோபித்துக்கொள்ளக் கூடாது. ஃபின்லாந்தில் இதையே இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள், 2005-இல் வந்தது. சிறியதாகப் பிறந்து, இரண்டு வயதில் ஒல்லியாக இருந்து, அதற்குப்பின் கிடுகிடுவென்று எடை போட்டவர்களுக்குத்தான் பெரியவர்களானபின் இதய நோய் அதிகம். ஆக, ஈடுகட்டுகிறேன் என்று திணித்து ஊட்டுவது அந்தப் பக்கம் தள்ளிவிடலாம். முதல் இரண்டு வருடம் நன்றாக வளர வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. டாக்டர் வளர்ச்சி அட்டையில் போடும் கோடு சீராக ஏறினால் போதும், யார் வீட்டுக் குழந்தையோடும் ஒப்பிட வேண்டாம்.

கமலா: நாங்களும்தான் பிள்ளை வளர்த்தோம்.

பவித்ரா: நன்றாகவே வளர்த்தாய் அம்மா. இரண்டு வாய் மட்டும் குறைத்துக்கொள் 🙏

ராமு: என் கேள்வியை எல்லோரும் மறந்தாயிற்று. நான் ஒருவன் போகாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்?

நிலா: ஒருவர் என்றால் ஒன்றுமில்லை. ஆனால் எல்லோரும் இதையே சொல்கிறார்கள்! நன்றாக இருப்பவர்கள் நேரமில்லை என்று நின்றுவிடுகிறார்கள், மிகவும் முடியாதவர்களாலும் வர முடியவில்லை. நடுவில் மிஞ்சுகிறவர்களை வைத்துக்கொண்டு ஊருக்கே கணக்குச் சொல்வது ஆபத்து. பிரிட்டனில் யுகே பயோபேங்க் என்று இதே மாதிரி ஒரு பெரிய ஆய்வு, 2006-இலிருந்து 2010 வரை சுமார் 92 லட்சம் பேருக்கு அழைப்பு அனுப்பி 5 லட்சம் பேர்தான் வந்தார்கள், வந்தவர்களும் பொதுவாக மற்றவர்களைவிட ஆரோக்கியமானவர்கள், சிகரெட்டும் குறைவு. அதனால் அதை வைத்து நாட்டில் இத்தனை பேருக்கு இந்த நோய் என்று சொல்ல முடியாது, வேறு பல விஷயம் சொல்லலாம். உங்கள் பெயருக்கு நேரே முன்பு எடுத்த ரத்தம் மைனஸ் 80 டிகிரியில் இன்னும் கிடக்கும். இந்த முறை கட்டம் காலியாக இருந்தால் அதோடு எதை ஒப்பிடுவது?

கார்த்திக்: உங்கள் ரத்தம் உங்களைவிட இளமையாக ஃப்ரீசரில் இருக்கிறது அப்பா

ராமு: பார்த்துவிட்டு ஏதாவது இருந்தால் சொல்வார்களா, இல்லை அவர்களே வைத்துக்கொள்வார்களா?

நிலா: அது ஒவ்வொரு ஆய்விலும் வேறு. கையெழுத்து போட்ட படிவத்தில் இருக்கும், போனவுடன் அதை முதலில் கேளுங்கள். அழுத்தம் மிக அதிகமாக இருந்தால் பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் இது உங்கள் வழக்கமான டாக்டர் செக்கப்புக்குப் பதில் இல்லை. பிடிக்காவிட்டால் காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அது உங்கள் உரிமை.

கமலா: போவதென்றால் கார்த்திக்கைக் கூட்டிக்கொண்டு போ. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு மயங்கி விழாதே.

ராமு: போகாதே என்றது நீதானே அக்கா?

கமலா: அது அப்போது.

ராமு: சரி, வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மாத்திரை போட்டுக்கொண்டு போகலாமா என்று கேட்க மறந்துவிட்டேன், நிலா?

நிலா: என்ன மாத்திரை?? ஒரு குறையும் இல்லை என்றீர்களே

ராமு: பிரஷருக்குத்தான், சின்ன மாத்திரை.

கார்த்திக்: அப்பா!!

நிலா: நிறுத்தாதீர்கள். அவர்களுக்கு ஃபோன் செய்து மாத்திரையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், சீட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.