'ஸனடு' மாதிரி ஆட்டப் படங்கள் சொல்லுங்களேன்

நண்பர்களே, ஒரு உதவி. 1980-இல் வந்த 'ஸனடு' (Xanadu) என்ற ஹாலிவுட் ஆட்டம்-பாட்டுப் படத்தை வீட்டில் யாருக்கும் தெரியாமல் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பாடகி ஆலிவியா நியூட்டன்-ஜான் இதில் கலைத்தேவதையாக வருகிறார். காலில் ஸ்கேட்டிங் சக்கரம், உடம்பைச் சுற்றி நியான் ஒளி! கதை ஒட்டவே ஒட்டாது, தெரியும். மோசமான படங்களுக்கான ராஸி விருது பிறக்கவே இதுவும் ஒரு காரணம். ஆனால் பழைய ஹாலிவுட் நடன நட்சத்திரம் ஜீன் கெல்லி, அறுபதைத் தாண்டிய வயதில், கூட்டத்துக்கு முன்னால் சக்கரத்தில் வழுக்கிக்கொண்டு வருகிறாரே, அந்த இடத்தில் கண்ணை எடுக்கவே முடியவில்லை. கதைப் படத்தில் அவர் கடைசியாக நடித்தது இதில்தான்.

இதே மாதிரி ஜிகினாவும் ஆர்ப்பாட்டமும் அள்ளித் தெளித்த படங்கள் வேறு எவை? தலை முதல் கால் வரை தெரிய, அதிகம் வெட்டாமல் எடுத்த ஆட்டம் இருந்தால் ரொம்ப நல்லது. எந்த மொழியானாலும் சரி, சப்டைட்டில் இருந்தால் போதும்.