பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு எதை முதலில் கற்றுத்தருவது?

மூத்த கட்டடக் கலைஞர்களுக்கு வணக்கம். எங்கள் சிறிய அலுவலகத்துக்கு அடுத்த மாதம் முதன்முறையாகப் பயிற்சி மாணவர்கள் வருகிறார்கள். முப்பரிமாணப் படங்களை மட்டும் செய்யவைத்து அனுப்பிவிட எனக்கு மனமில்லை. அதை அவர்கள் என்னைவிட நன்றாகவே செய்வார்கள்!

கட்டுமான இடத்திலேயே தொடங்க நினைக்கிறேன். மாடிப்படியையே எடுத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் வரைபடத்தில் எல்லாப் படிகளும் 150 மி.மீ. உயரம். படிக்கு 20 மி.மீ. கல்லும் இரு தளங்களின் தரைக்கும் 50 மி.மீ. பூச்சும் வந்தால், முதல் படி 120 ஆகக் குறையும். கடைசிப் படி 180 ஆக உயரும். ஏறுபவர் தடுமாறுவார். கொத்தனாருடன் நின்று அளந்து பார்த்தவருக்கு இது மறக்காது.

நீங்கள் வேலை வரைபடங்களை எந்தக் கட்டத்தில் அவர்களிடம் ஒப்படைக்கிறீர்கள்? வாடிக்கையாளர் சந்திப்பில் உட்காரவைப்பீர்களா, கட்டணப் பேச்சு நடக்கும்போதும்கூடவா? இதில்தான் எனக்குப் பெரிய தயக்கம். தினக்குறிப்பு எழுதவைத்தவர்கள், அதில் என்னென்ன பதியச் சொன்னீர்கள் என்று சொல்லுங்கள். மாதிரிப் பக்கம் இருந்தால் இன்னும் நல்லது. ஊக்கத்தொகை கொடுக்கிறோம், அந்த விவாதம் இங்கே வேண்டாமே.