'உயெஸ்து'வுக்குக் கலைச்சொல்: கூற்றமா, கோட்டமா?

அன்புடையீர்,

ரஷ்யப் பேரரசின் 'உயெஸ்து'க்கு நம் பட்டியலில் 'மாவட்டம்' என்று இருக்கிறது. அதை எடுத்துவிட வேண்டும். மாகாணம் (குபேர்னியா), அதன் கீழ் உயெஸ்து, அதன் கீழ் குடியானவர்களின் வோலஸ்து என்பதே அடுக்கு. 1920களில் சோவியத் அரசு உயெஸ்துகளைக் கலைத்து ரயோன்களை அமைத்தது. ரயோனையும் நாம் மாவட்டம் என்றே எழுதுவதால், உயெஸ்தின் 1897 கணக்கெடுப்பு மக்கள்தொகையை அதே பெயருள்ள ரயோனின் எல்லைக்குள் பொருத்திவிடுகிறார்கள்.

என் பரிந்துரை 'கூற்றம்' (பழங்கால நிலப்பிரிவின் பெயர்). இரண்டாம் கேத்தரினின் 1775 சட்டம் தலை எண்ணித்தான் நிலத்தைக் கூறு போட்டது: மாகாணத்துக்கு 3 முதல் 4 இலட்சம், உயெஸ்துக்கு 20 முதல் 30 ஆயிரம். அப்படி எண்ணிய, வரிக்குரிய தலையான 'துஷா'வுக்குத் 'தலைக்கட்டு' என்று வைக்கலாம்.

> என் பரிந்துரை 'கூற்றம்'

ஆவூர்க் கூற்றம் கல்வெட்டில் அழகுதான் ஐயா. ஆனால் 'கூற்றத்தின் அதிகாரி' என்று எழுதினால் படிப்பவருக்கு எமன்தான் நினைவுக்கு வருவான். 'கோட்டம்' எடுப்போம். தொண்டை நாட்டில் நிலப்பிரிவுக்கு வழங்கிய சொல். இன்றைய வருவாய்க் கோட்டமும் மாவட்டத்துக்கும் வட்டத்துக்கும் நடுவில்தான் நிற்கிறது.

> 'தலைக்கட்டு' என்று வைக்கலாம்

இதை ஏற்கவே முடியாது. ஊர் வரியில் தலைக்கட்டு என்றால் குடும்பத்துக்கு ஒன்று. துஷாவோ, வரி கட்டும் வகுப்பில் பிறந்த ஒவ்வோர் ஆணும்: தொட்டில் குழந்தையிலிருந்து கிழவர் வரை. பெண்ணுக்கு வரியில்லை, பிரபுக்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். இடையில் இறந்தவரின் பெயர் அடுத்த கணக்கெடுப்பு வரை நீங்காது. எனவே 'வரித்தலை'. கடைசி வரிக் கணக்கெடுப்பு 1857–58இல் நடந்தது. அதன் வரித்தலை எண்ணை 1897 எண்ணோடு நேரே ஒப்பிட்டால் மக்கள்தொகை இரட்டித்ததுபோலப் பொய்யாகத் தெரியும். இரண்டால் பெருக்கினாலும் விடுபட்ட வகுப்புகள் வந்து சேரா.

1897 கணக்கெடுப்புக்கும் இரண்டு சொல் தேவை: கணக்கெடுத்த அன்று அங்கே இருந்தவர் 'வந்திருப்போர்', நிலையாக வாழ்பவர் 'நிலைக்குடி'. பேரரசின் மொத்தமான 12.56 கோடி முதல் வகை. தாய்மொழியும் மதமும் கேட்டார்கள், இனத்தைக் கேட்கவில்லை. 'உக்ரைனியர்' என்று அட்டவணையில் எழுதாமல் 'உக்ரைனிய மொழியினர்' என்றே எழுத வேண்டும்.

> 'கோட்டம்' எடுப்போம்

கோட்டத்துக்கும் வரித்தலைக்கும் உடன்படுகிறேன். 'வந்திருப்போர்' விருந்தாளிபோல ஒலிக்கிறது. 'அன்றிருந்தோர்' சரியாக இருக்கும்.

ஒன்று விடுபட்டிருக்கிறது. 1837 முதல் உயெஸ்து காவலுக்காக 'ஸ்தான்'களாகவும் பிரிந்தது. வோலஸ்து குடியானவர் தன்னாட்சி, ஸ்தான் காவல் எல்லை. ஒன்றின் உட்பிரிவு மற்றொன்று அன்று. ஸ்தானுக்குச் 'சரகம்' கையில் இருக்கிறது. உயெஸ்தின் காவல் தலைவரான 'இஸ்ப்ராவ்னிக்' 'கோட்டக் காவல் தலைவர்' ஆகலாம். 1862 வரை அவரைப் பெரும்பாலும் உள்ளூர்ப் பிரபுக்களே தேர்ந்தெடுத்தார்கள், பிறகு ஆளுநர் நியமித்தார். ஆகவே 'ஆட்சியர்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.