படுக்கையில் இருக்கும் பெரியவர்களை வீட்டில் பார்த்துக்கொள்பவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

பாலக்கோட்டிலிருந்து:

மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் "இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். எப்படிப் பார்ப்பது என்று யாரும் சொல்லித்தரவில்லை. வீட்டுக்காரருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, ஞாயிறு மட்டும்தான் வருவார். பகல் முழுக்க நானும் அத்தையும்தான்.

பிரஷர் மாத்திரை கொடுக்க வரும் மக்களைத் தேடி மருத்துவம் அக்காவிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவரே எழுதிக்கொண்டு போய், பிசியோதெரபி பார்ப்பவரையும் நோயாளியை வீட்டில் வந்து கவனிக்கும் நர்ஸையும் அனுப்பிவைத்தார். 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. மாத்திரை மட்டும்தான் தருவார்கள் என்றே எங்கள் தெருவில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தயவுசெய்து வாய்விட்டுக் கேளுங்கள்.

நர்ஸ் வந்ததும் முதலில் அத்தையைத் திருப்பி, இடுப்புக்குக் கீழேயும் குதிகாலையும் பார்த்தார். வால் எலும்பு மேல் தோல் சிவந்திருந்தது. விரலால் அழுத்தினார், சிவப்பு வெளுக்கவில்லை. "படுக்கைப் புண் இப்படித்தான் ஆரம்பிக்கும், இந்த இடத்தைத் தேய்க்கவே தேய்க்காதீங்க" என்றார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கச் சொன்னார். ஒற்றை ஆளாக எப்படி முடியும் என்று கேட்டேன். பழைய நூல் சேலையை நாலாக மடித்து, தோளிலிருந்து தொடை வரை அடியில் விரித்தார். எந்தப் பக்கம் திருப்ப வேண்டுமோ அந்தப் பக்கம் நின்றுகொண்டு, எதிர்ப்பக்க ஓரத்தைப் பிடித்துத் தன் பக்கமாக இழுத்தார். அத்தை அலுங்காமல் திரும்பினார். முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று, குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று. விழுந்த கையைப் பிடித்து மட்டும் இழுக்கவே கூடாது, தோள் இறங்கிவிடும் என்றார்.

அந்தச் சிவப்பு புண்ணாகாமலே ஆறிவிட்டது.

பென்னாகரத்திலிருந்து:

எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் நிலத்தை மகன் பேருக்கு எழுதிக்கொடுத்தார். அதற்குப் பிறகு சோறு போட ஆளில்லை. முதியோர் உதவி எண் 14567-க்கு நான்தான் போன் போட்டுக் கொடுத்தேன். காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை எடுப்பார்கள், காசு கிடையாது. ஆர்டிஓவிடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) மனு கொடுக்கச் சொன்னார்கள். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் வாங்கித்தர அவருக்கு அதிகாரம் உண்டு. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிய பத்திரம் என்றால், பார்க்காதபோது அதை ரத்து செய்யவும் கேட்கலாம். அதனால் எழுதிக்கொடுக்கும் முன்பே பெரியவர்கள் அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். விசாரணைக்குக் கூப்பிட்டதுமே மகன் வழிக்கு வந்துவிட்டார்.

ஊத்தங்கரையிலிருந்து:

பாலக்கோடு சகோதரி, உங்கள் உடம்பையும் பாருங்கள். அம்மாவைத் தனியாகப் பார்த்துக்கொண்ட காலத்தில் எனக்குத் தூக்கமே இல்லை, பிரஷர் வந்துவிட்டது. இப்போது நாத்தனார் சனிக்கிழமை ராத்திரி வந்து தங்குகிறார். அந்த ஒரு ராத்திரி நான் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்காரர் வந்ததும் சேலை பிடித்துத் திருப்புவதை அவருக்கும் பழக்கிவிடுங்கள்.