பெலிஹுல்ஓயாவா, கோணேசபுரியா: விண்ணப்பத்தில் எதை முதலில் எழுதுவது?

உப்புவெளி மாணவி:

நான் க.பொ.த. உயர்தரத்தில் பௌதிக விஞ்ஞானப் பிரிவில் இரண்டாவது தடவையாகத் தோற்றியவள். பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் என் இசட் புள்ளி பொறியியலுக்குப் போதாது. கடந்த வருடத்து வெட்டுப்புள்ளிகளை வைத்துப் பார்த்தால், பெலிஹுல்ஓயாவில் இருக்கும் சப்ரகமுவ பல்கலைக்கழகத்தின் நில அளவை விஞ்ஞானமும், கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் எங்கள் திருகோணமலை வளாகத்தின் கணினி விஞ்ஞானமும் எனக்கு எட்டும் என்று நினைக்கிறேன்.

கோணேசபுரி என்றால் வீட்டிலிருந்தே நிலாவெளி பஸ்ஸில் போய் வரலாம். பெலிஹுல்ஓயாவோ மலையடிவாரத்தில், அருகில் பெரிய நகரம் எதுவும் இல்லாத சிற்றூர். எங்கள் உறவினர் எவரும் அந்தப் பக்கம் போனதில்லை. அப்பா இல்லை. அம்மாவும் தம்பியும் மட்டுமே வீட்டில் இருக்கிறார்கள்.

ஆனாலும் என் மனம் நில அளவையின் பக்கமே சாய்கிறது. சில வருடங்களுக்கு முன்பு அம்மம்மாவின் காணியை அளக்க வந்தவர், தம் கருவியின் வழியாக என்னையும் பார்க்க விட்டார். தூரத்துப் பனையடியில் தம்பி பிடித்துக்கொண்டிருந்த கோலின் சிவப்பையும் வெள்ளையையும் ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. வந்தவர் நல்ல மனிதர். ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. பழைய எல்லை எந்தப் பூவரச மரத்தோடு போனது என்பதை அம்மம்மா கையால் காட்டிக் காட்டியே விளக்க வேண்டியிருந்தது. இந்த ஆசையை நம்பி அவ்வளவு தூரம் போகலாமா?

நில அளவையாளர், மூதூர்:

தங்கச்சி, நான் பெலிஹுல்ஓயாவில் படித்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சப்ரகமுவ பல்கலைக்கழகம் 1996ஆம் ஆண்டு, சமனலவெவ நீர்மின் திட்டத்துக்காகக் கட்டப்பட்ட கட்டடங்களில் தொடங்கப்பட்டது. அதனால்தான் அது ஊரை விட்டு ஒதுங்கி, மலைகளுக்கு நடுவே இருக்கிறது. இங்கிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். அங்கிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாகப் பதுளைக்குப் போகும் 99ஆம் இலக்கப் பஸ்ஸில் ஏற வேண்டும். இரவு திருகோணமலையில் புறப்பட்டால் மறுநாள் மதியத்துக்கு முன் போய்ச் சேரலாம். வார இறுதியில் வீட்டுக்கு வந்து போவது என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். தவணை விடுமுறைக்கு வருவதுதான் நடைமுறை. ஆனி, ஆடி மாதங்களில் நமக்குக் கச்சானாக வந்து உடம்பைக் காய வைக்கும் அதே காற்று, அங்கே மலையிலிருந்து இறங்கி இரவு முழுவதும் கதவுகளை அடித்துக்கொண்டிருக்கும். முதல் மூன்று மாதங்களில் நான் இரண்டு தடவை ஊருக்குத் திரும்பிவிடப் பையைக் கட்டியவன்.

என்னை அங்கே இருக்க வைத்தது படிப்புத்தான். நில அளவையும் வரைபடவியலும் சேர்ந்த ஜியோமெட்டிக்ஸுக்கென்று தனிப் பீடம் இந்நாட்டில் அங்கேதான் உள்ளது. மலையும் பள்ளமுமான அந்த நிலமே அதற்குச் சிறந்த ஆய்வுகூடம். சரிவில் ஒரு புள்ளியில் தொடங்கி, கோணமும் தூரமும் அளந்தபடி சுற்றி வந்து, தொடங்கிய புள்ளியிலேயே முடிக்க வேண்டும். கணக்கில் தொடக்கமும் முடிவும் பொருந்தாவிட்டால், பிழை அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் வரும்வரை மறுபடியும் ஏற வேண்டும். எங்கள் குழு ஒரு சுற்றை மூன்று தடவை நடந்தது. மூன்றாம் தடவை, காலில் ஏறிய அட்டைகளை உப்புப் போட்டு விழுத்திவிட்டுக் கணக்கைப் பார்த்தபோது எண்கள் பொருந்தியிருந்தன. அன்று மாலை அந்த மலைக்காற்று எனக்குப் பகையாகத் தெரியவில்லை.

கற்பித்தல் ஆங்கிலத்தில் நடக்கும். கடை, பஸ், விடுதி எல்லாம் சிங்களத்தில். ஆறு மாதத்தில் பேசப் பழகிவிடுவீர்கள். ஹப்புத்தளைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த நண்பனின் வீட்டில்தான் நான் இரண்டு தைப்பொங்கலைக் கொண்டாடினேன். ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: பட்டம் பெற்ற மறுநாளே தனியாகக் காணி அளந்துவிட முடியாது. 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டத்தின்படி பதிவும் அனுமதிப்பத்திரமும் பெற வேண்டும். ஆனால் இடம்பெயர்ந்து, காணி உறுதிப் பத்திரங்களைத் தொலைத்து, திரும்பி வந்து எல்லைக்கல்லைத் தேடிய மக்கள் நிறைந்த மாவட்டம் இது. உங்கள் அம்மம்மாவைப் போன்றவர்கள் சொல்வதை நேரடியாகக் கேட்டு எழுதிக்கொள்ளும் அளவையாளர்கள் இங்கே எத்தனை பேர் இருந்தாலும் போதாது.

கோணேசபுரிப் பட்டதாரி:

தொலைவு என்பது இருக்கும் இடத்தைப் பொறுத்தது. என்னோடு படித்த, காலி நகரத்து மாணவிக்கு நம்முடைய கோணேசபுரிதான் எட்டாத தூரத்துச் சிற்றூர். கச்சான் வெக்கை தாங்காமல் அவள் முதல் மாதம் அழுதுகொண்டே இருந்தாள். பட்டமளிப்புக்குப் பிறகும் ஒரு வாரம் இங்கேயே தங்கி, கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு இன்னொரு தடவை போய்விட்டுத்தான் ஊருக்குத் திரும்பினாள்.

வீட்டிலிருந்து படிப்பதை எல்லோரும் இலாபம் என்கிறார்கள். பணக்கணக்கில் அது உண்மை. ஆனால் நான் நான்கு வருடமும் விரிவுரை முடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். விடுதித் தோழிகள் இரவு கணினி அறையில் ஒன்றாக இருந்து கற்றுக்கொண்டதை, நான் மறுநாள் அவர்களிடம் கேட்டு எழுதினேன். வீட்டில் இருக்கும் பெண்பிள்ளையிடம் பரீட்சைக் காலத்திலும் வேலைகள் வந்து சேரும். கணினி விஞ்ஞானத்தில் உங்களுக்கு உண்மையான விருப்பம் இருந்தால் கோணேசபுரியை முதலில் எழுதுங்கள். அது நல்ல துறை, நல்ல பீடம். பஸ் வசதிக்காக மட்டும் எழுத வேண்டாம்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்:

பிள்ளை, விருப்பத் தெரிவு ஒழுங்கில் மேலே எழுதியது கிடைத்துவிட்டால் கீழே எழுதியதைப் பற்றி எவரும் கேட்கமாட்டார்கள். ஒரு கற்கைநெறிக்குப் பதிவு செய்துவிட்டால், அடுத்த வருடம் மீண்டும் விண்ணப்பிக்கும் வழியும் அடைபட்டுவிடும். ஆகவே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை அம்மாவுடன் இருந்து வரிவரியாக வாசியுங்கள். மஹாபொல புலமைப்பரிசிலுக்கும் தவறாமல் விண்ணப்பியுங்கள். பகிடிவதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். எந்த வளாகத்துக்குப் போனாலும் இதை நினைவில் வைத்திருங்கள். ஏதும் நடந்தால் முதல் நாளே வீட்டுக்குச் சொல்லுங்கள்.

உப்புவெளி மாணவி:

எல்லோருக்கும் நன்றி. மூதூர் அண்ணா எழுதியதை நேற்றிரவு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அட்டை என்ற இடத்தில் முகம் சுளித்தார். அம்மம்மாவைப் பற்றிய இடத்தில் எழுந்து போய், அந்தக் காணியின் வரைபடத்தை அலுமாரியிலிருந்து எடுத்து வந்தார். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முன்பு இருவருமாக ஒரு தடவை பெலிஹுல்ஓயாவுக்குப் போய்ப் பார்த்து வருவதாக முடிவு செய்திருக்கிறோம். தம்பி இரண்டு நாள் பெரியம்மா வீட்டில் இருப்பான். அண்ணா, 99ஆம் இலக்கப் பஸ்ஸில் வந்தால் எந்தத் தரிப்பிடத்தில் இறங்க வேண்டும் என்றும், அம்மா இரவு தங்குவதற்குத் தமிழ்க் குடும்பம் எதுவும் அருகில் உண்டா என்றும் சொல்வீர்களா?