மறு: சிவியில் பெயரைச் சுருக்கலாமா?

உறவுகளுக்கு வணக்கம்.

மகள் தன் பெயரைச் சிவியில் (வேலைக்கு அனுப்பும் தன்விவரக் குறிப்பில்) சுருக்கிப் போட ஆசைப்படுகிறாள், விடலாமா என்று அண்ணன் நம் சங்கத்தின் மடற்குழுவில் கேட்டு நான்கு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் பாதிப் பேர் "அடையாளத்தை விற்காதே" என்றும் மீதிப் பேர் "பிழைக்கிற வழியைப் பார்" என்றும் மாறி மாறி எழுதித் தள்ளிவிட்டீர்கள். கோபம் போதும், கொஞ்சம் கணக்கும் பார்ப்போமே.

பிலிப் ஓரியோபோலஸ் என்ற பொருளியல் பேராசிரியர் டொராண்டோவில் ஆயிரக்கணக்கான கற்பனை சிவிகளை எழுதி நிஜ வேலை விளம்பரங்களுக்கு அனுப்பிப் பார்த்தார். 2011இல் வெளிவந்த ஆய்வு. படிப்பு, அனுபவம் எல்லாம் கனடாவில்தான், பெயர் மட்டும் வேறு. ஆங்கிலப் பெயர் என்றால் 100 சிவிக்குச் சுமார் 16 நேர்காணல் அழைப்பு. இந்திய, பாகிஸ்தானிய, சீனப் பெயர் என்றால் 11. ஆக, பெயரெல்லாம் ஒரு விஷயமா என்று எழுதிய தம்பி இதைக் கவனிக்கவும். ஆனால் அதே ஆய்வில், நம்மைப் போன்ற பெயரோடு படிப்பும் அனுபவமும் வெளிநாட்டில் என்று இருந்தால் அந்த 11 கூட 5 ஆகிவிடுகிறது. (பிரிட்டனிலிருந்து போனவர்களுக்கு மட்டும் இந்த அடி இல்லை. ஆச்சரியமா என்ன!) பெயரை மாற்றுவதைப் பற்றி இத்தனை மடல் போட்ட நாம் அந்த இரண்டாவது பள்ளத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

அந்தப் பள்ளத்தில் நான் எட்டு வருடம் கிடந்தேன். வந்து இறங்கிய பத்தாவது நாள் ஊர்க்காரர் ஒருவர் கிடங்கில் இரவு வேலை வாங்கிக் கொடுத்தார், தங்க இடமும் அவர்தான், அந்த நன்றி சாகும்வரை உண்டு. அந்த ஷிப்டில் ஏழு பேர், ஏழு பேரும் நம் ஊர். சிரிப்பு, சண்டை, கைமாற்று எல்லாம் நம் மொழியில். வேறு எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று அந்த ஏழு பேரில் எவனுக்குத் தெரியும்? எனக்குத் தெரிந்ததுதான் அவனுக்கும். கடைசியில் மாலை வகுப்பில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த ஒரு பெண், நாலைந்து தடவைக்கு மேல் பேசியிருக்க மாட்டேன், தன் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இடம் இருக்கிறது என்று போகிற போக்கில் சொன்னார். இன்றுவரை அங்கேதான் இருக்கிறேன்.

இது என் அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இலேயே இதை எழுதிவிட்டாராம். பாஸ்டன் பக்கத்தில் அவர் விசாரித்தபோது, தெரிந்தவர் மூலம் வேலை பிடித்தவர்களில் அந்த ஆளை அடிக்கடி சந்தித்தவர்கள் ஆறில் ஒரு பங்குதான். மற்றவர்களுக்கு வழி காட்டியது எப்போதாவது பார்க்கிற அறிமுகங்கள். நெருக்கமானவர்களுக்கு நமக்குத் தெரிந்ததே தெரியும், புதுச் செய்தி வெளியிலிருந்துதான் வரவேண்டும்.

அதற்காகச் சங்கத்தைக் கலைத்துவிடலாம் என்று சொல்ல வரவில்லை (செயலாளர் பதறவேண்டாம்). சங்கம் முதல் வேலைக்கும் முதல் அறைக்கும் நன்றாகவே ஓடுகிறது, இரண்டாவது வேலைக்குத்தான் நம்மிடம் ஒன்றுமில்லை. நம்மில் குறைந்தது முப்பது பேர் வெவ்வேறு துறையில், வெவ்வேறு நாட்டில், ஆள் எடுக்கிற இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறோம். புதிதாக வந்த ஒருவருக்கு மூன்று மாதம் பயிற்சி இடம், அவரைப் பற்றி முதலாளி விசாரித்தால் நல்லபடி சொல்ல உள்ளூரில் ஒரு ஆள், இதைக்கூடச் செய்ய முடியாதா? நிதி கேட்டால் ஒரே நாளில் சேர்கிறது, இதைக் கேட்டால் குழுவே மௌனமாகிவிடுகிறது.

சரி, அண்ணனுக்குப் பதில். பெயர் பிள்ளையுடையது, முடிவும் அவளுடையது, சுருக்கினால் யாரும் அவளைத் திட்டவேண்டாம். எங்கள் பிரிவில் அடுத்த மாதம் இரண்டு பயிற்சி இடம் வருகிறது. சிவியைத் தனி மடலில் அனுப்பச் சொல்லுங்கள், முழுப் பெயரோடே அனுப்பட்டும், எனக்கு உச்சரிக்க வரும்.