'போலி நண்பர்' வேண்டாம், 'மயங்குசொல்' சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

இரண்டு மொழிகளில் ஒரே உருவில் இருந்தும் பொருள் வேறுபடும் சொற்களை ஆங்கிலத்தில் 'false friends' என்பார்கள். நம் கலைச்சொல் பதிவில் இதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> 'போலி நண்பர்கள்' என்றே வைத்துக்கொள்ளலாமே? பல மொழிகளிலும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பிரெஞ்சில் பிறந்த பெயர் அது. 1928-இல் கோஸ்லர், தெரொக்கிஞி என்ற இருவர் மொழிபெயர்ப்பாளர்களுக்காக எழுதிய நூலிலிருந்து பரவியது. நமக்கு இடிப்பது 'போலி' என்ற சொல்தான். நம் இலக்கணத்தில் போலி என்றால் எழுத்து மாறியும் பொருள் மாறாதது: அறம், அறன், மஞ்சு, மைஞ்சு. நாம் பெயர் தேடுவதோ இதற்கு நேர் எதிரானதற்கு. உரு அப்படியே நிற்கும், பொருள் மட்டும் வேறாகிவிடும். இதற்குப் போய்ப் போலி என்று பெயர் வைத்தால் இலக்கணம் படித்த பிள்ளைகள் குழம்பிப் போவார்கள்.

போன மாதம் மலையாளத்திலிருந்து வந்த ஒரு மொழிபெயர்ப்புக்கு மெய்ப்புப் பார்த்தேன். 'இளைஞர்களுக்குத் தொழில் அவசரம் கூடியுள்ளது' என்று ஒரு வரி. எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. மூலத்தை எடுத்துப் பார்த்தால் 'தொழிலவசரம்', அதாவது வேலைவாய்ப்பு! மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. இந்தி 'அவ்சர்' என்பதும் அதுதான். தெலுங்கில் 'அவசரம் லேது' என்றால் தேவையில்லை. நம்மிடமும் கன்னடத்திலும் அது பரபரப்பு. மொழிபெயர்த்தவர் மலையாளம் நன்றாகத் தெரிந்தவர். தெரியாத சொல்லாக இருந்தால் அகராதியைப் புரட்டியிருப்பார். பழகிய சொல் என்பதால் கை தானாக எழுதிவிட்டது. அந்த மயக்கம் பெயரிலேயே தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

> 'பலபொருள் ஒருமொழி' ஏற்கெனவே இருக்கிறதே?

அது ஒரே மொழிக்குள் நடப்பது. தவிர, அங்கே 'மொழி' என்றால் சொல் என்று பொருள். இரண்டு மொழிகளைப் பற்றிப் பேசும் இடத்தில் அதைக் கொண்டுவந்தால் சிக்கல் இரட்டிப்பாகும்.

ஆகவே என் பரிந்துரை 'மயங்குசொல்'. ல, ள, ழ படிக்கும்போதே 'மயங்கொலி' நமக்குப் பழக்கம். இதுவும் அதே அச்சில் வார்த்தது. வினைத்தொகை, அதனால் நடுவில் ச் வராது. 'தமிழ்-மலையாள மயங்குசொல் அகராதி' என்று உரக்கச் சொல்லிப் பார்த்தேன், நாக்கு இடறவில்லை.

ஒரு குறை இருக்கிறது. வாளை, வாழை போன்ற மயங்கொலிச் சொற்களைத்தான் சொல்கிறோம் என்று சிலர் எடுத்துக்கொள்ளலாம். பதிவில் மட்டும் 'இருமொழி மயங்குசொல்' என்று முழுதாகக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். எடுத்துக்காட்டுக்கு 'அவசரம்' இருக்கட்டும். அப்புறம் 'சம்சாரம்': நமக்கு மனைவி, மலையாளத்தில் பேச்சு, தெலுங்கில் குடும்பம்.

கன்னடம் அறிந்தவர்கள் இன்னும் இரண்டு சொற்கள் தந்தால் பதிவை முடித்துவிடலாம்.